கல்லில் ஒன்பது பேர்

வியாழக்கிழமை பகல் பதினொரு மணி. அரவேணு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் இ-சேவை மையத்தில் சசிரேகா ஓர் அம்மாவின் கைரேகையைப் பதிவு செய்யப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல். அதில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "இன்னொரு வாட்டி அழுத்துங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது. ரமேஷ்குமார். ஆறு வருடம் கழித்து! நடுவில் கொரோனா வந்து போனது, சசிரேகாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. எதற்கும் வராத போன் இப்போது வந்தது.

"சசி, ஒரு சந்தோசமான விசயம் புள்ள. நம்ம பேரெல்லாம் கல்லுல வெட்டப் போறாங்க!"

"கல்லுலயா? யாருண்ணே செத்தது?"

"அட, நீ வேற! கெல்மோராவுல புள்ள! நடுச் சந்தையில பெரிய கல்லு வெச்சு, பேரை அதுல வெட்டுறாங்களாம். கம்பெனிக்காரங்களே போன் பண்ணுனாங்க."

கெல்மோரா என்பது ஊரும் இல்லை, தோட்டமும் இல்லை. கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு, கூட்டம் சேர்ந்து பூதத்தை அடித்து, கோட்டை கட்டி வாழ்கிற ஆட்டம். இரண்டாயிரத்து ஐந்தில் வந்தது. இன்று பார்த்தால் சிரிப்புதான் வரும். முகமெல்லாம் சுத்தியலால் தட்டி எடுத்த தகரம் மாதிரி இருக்கும். நடந்தால் கால் தரையில் படாது. குதிரை ஏறினால் ஆள் ஒரு முழம் மேலே மிதப்பான். அதற்குப் பிறகு எத்தனையோ புது ஆட்டங்கள் கோடி கோடியாகக் கொட்டி வந்தன, இரண்டே வருடத்தில் இழுத்து மூடப்பட்டன. இந்தப் பழைய சனியன் மட்டும் இருபது வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இது எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று ஊர் உலகமே ஆச்சரியப்படுகிறதாம். சசிரேகாவைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள். யார் கேட்டார்கள்?

"எத்தனை பேருண்ணே வருது?" என்று கேட்டாள்.

"ஒலகம் பூராவும் முன்னூத்திப் பன்னண்டு பேருதானாம். சேர்ந்த நாள்ல இருந்து முப்பது நாளுக்கு மேல இடைவெளியே விடாம ஆடுனவங்க. அதுல ஒன்பது பேரு நம்ம கோட்டை! ஒரே கோட்டையில ஒன்பது பேரு வேற எங்கயுமே இல்லையாம். கம்பெனிக்காரனே ஆடிப் போயிட்டான்!"

"நாம பத்துப் பேராச்சேண்ணே."

அந்தப் பக்கம் ஒரு செருமல். "உன்னோடதுல ஏதோ கேப் இருக்காம். நாப்பத்தோரு நாளு. ரெண்டாயிரத்துப் பதினேழுல. ரூல்ஸ்தானே, நாம என்ன பண்ண முடியும்?"

ரூல்ஸாம்! கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, தன் விரல்மீதுதான் கோபமோ என்று பயந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் இந்த அநியாயம் விளங்கும். 2007-ல் ரமேஷ்குமார் அரவேணுவில் ஒரு ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு சசிரேகா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வேலை முடிந்த பிறகு ரமேஷும் அவன் சேக்காளிகள் எட்டுப் பேரும் கெல்மோரா ஆடுவார்கள். காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு ஆள் குறைகிறது என்று அவளையும் இழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் சிங்கம், டிராகன் என்று வாய்க்கு வந்த பட்டத்தையெல்லாம் சூட்டிக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாத இவள் தன் சொந்தப் பேரையே முழுசாகப் போட்டுவிட்டாள். சண்டைக்கு நடுவே ஒன்பது தொண்டைகள் "சசிரேகா! சசிரேகா!" என்று அலறும். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

பத்துப் பேருமே தோட்டத்துப் பிள்ளைகள். அப்பன் ஆத்தாள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து இங்கே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியேறியவர்கள். ரமேஷின் அப்பா தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. தோட்டத்தில் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். ரமேஷ் அதையே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் பெரட்டு. லேட்டாக வந்தால் அரைப்பேர், அதாவது பாதி வருகைதான் கணக்கு. மூன்று அரைப்பேர் விழுந்தால் அந்த வாரம் கொள்ளைப் பொருளில் பங்கு கிடையாது. சிரித்துச் சிரித்துத்தான் ஆரம்பித்தார்கள், ஆனால் அந்தக் கட்டுப்பாட்டில்தான் மூன்று வருடத்தில் கோட்டை எழும்பியது. நாலு கோபுரம், ஒரு கிணறு, வாசலில் எழுதிக்கொள்ள ஒரு பலகை.

2012-ல் எல்லோர் கைக்கும் போன் வந்தது. ப்ரௌசிங் சென்டர் படுத்தது. ரமேஷ் குன்னூரில் மொபைல் கடை போட்டான். ஜெகதீசனுக்கு அருவங்காட்டில் வேலை கிடைத்தது. லோகு திருப்பூருக்குப் போனான். மற்றவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். சென்டரைப் பூட்டிய அன்று ரமேஷ் ஒரு தாளில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் எழுதி அவளிடம் நீட்டினான். "கோட்டையப் பாத்துக்க சசி. பெரட்டு விட்டுடாத" என்றான். அவன் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பான். இவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

கெல்மோராவில் ஒரு சட்டம் உண்டு. முப்பது நாளுக்குள் ஒன்பது பேராவது உள்ளே வந்து, ஆளுக்கு ஒரு வேலை முடித்துக் காட்ட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கோட்டை பறிபோகும். தோட்டத்திலும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், அவள் பேர் வெட்டுப்படாமலிருக்கத் தங்கச்சியோ மகளோ அவளுக்குப் பதிலாகப் பெரட்டில் போய் நிற்பாள். கொழுந்தை அவள் பேரிலேயே நிறுத்துக் கொடுப்பாள். கங்காணிக்கும் தெரியும், அவருக்கு மேலே இருக்கும் தோட்டத்துக் கண்டக்டருக்கும் தெரியும், யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. சசிரேகாவின் அம்மா சின்னம்மை, தன் அக்காளுக்காக ஒரு மாசம் அப்படி நின்றிருக்கிறாள். ஆகவே சசிரேகாவும் நின்றாள். ஒன்பது பேருக்காகவும், பதின்மூன்று வருடம்.

பதின்மூன்று வருடம் என்று வாயால் சொல்லிவிடலாம். பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே போய், சிங்கத்துக்கு விறகு வெட்டி, டிராகனுக்கு மீன் பிடித்து, வெளியே வர வேண்டும். பாஸ்வேர்டை வருடத்துக்கொரு தடவை மாற்று என்று கம்பெனி உயிரை எடுக்கும், அதையும் மாற்ற வேண்டும். ஒரு தடவை மழையில் குடையை லேப்டாப்புக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள். முழங்காலுக்குப் பின்னால் அட்டை ஏறி உறிஞ்சியதுகூடத் தெரியாமல், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ரத்தம் வழிவதைப் பார்த்து அலறினாள். கல்யாணமான பிறகு ஜீப் ஓட்டும் கணவன் முத்துராஜ் கேட்பான்: "என்ன, ஒம்பது பொம்மைக்கும் சோறு ஊட்டியாச்சா?" அவன் கிண்டலில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவளால் விட முடியவில்லை. அவள் வாழ்க்கையில் பத்துப் பேராகச் சேர்ந்து கட்டி எழுப்பிய ஒன்று அந்தக் கோட்டைதான். அது தன் பொறுப்பில் இருக்கும்போது விழுந்தது என்று ஆகக் கூடாது என்று நினைத்தாள்.

அந்த நாற்பத்தோரு நாள் கதை இதுதான். 2017-ல் அம்மா சின்னம்மைக்கு ஊட்டியில் ஆப்பரேஷன். லேப்டாப் செத்துக் கிடந்தது. கெடு முடிய ஒரே நாள்தான் பாக்கி. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஒரு கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஒன்பது பேருக்கும் உள்ளே போய்ப் பேர் போட்டு முடித்தாள். பத்தாவதாகத் தன் பேரை அடிக்கப் போனபோது வார்டிலிருந்து கூப்பிட்டார்கள், அம்மா கண் விழித்துவிட்டாள் என்று. ஒன்பது பேர் ஆயிற்றே, கோட்டைக்கு ஆபத்தில்லை, நம்முடையது வீட்டு ஆள்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து ஓடினாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற புத்தி! அந்தப் புத்தியைத்தான் இப்போது செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

"சரிண்ணே," என்றாள் போனில். "அந்த ஒம்பது பேருக்கும் பேர் போட்டது யாருன்னு கம்பெனிக்குத் தெரியுமா?"

"ஐயோ, வாயத் தொறந்துடாத! பாஸ்வேர்டை அடுத்த ஆளுக்குக் குடுத்தாலே பேரை அடிச்சுடுவானாம். மெயில்லயே போட்டிருக்கான். அப்புறம் எல்லாருக்கும் நாமந்தான். ஞாயித்துக்கெழமை பதினொரு மணிக்கு நம்ம கடை மாடியில பேட்டி எடுக்க வர்றாங்க. ஒம்பது பேரும் உள்ள போய் நின்னு காட்டணுமாம். ஒருத்தனுக்கும் பாஸ்வேர்டு ஞாபகமில்ல. நீ கொஞ்சம் வந்து ஏத்தி விட்டுடு. டீ, வடைக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

டீக்கும் வடைக்கும் ஆள்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் கம்பெனியின் விதிகளை எழுத்து விடாமல் படித்தாள். ரமேஷ் சொன்னது சரிதான். முப்பது நாளுக்கு மேல் இடைவெளி விட்டவர் பேர் எந்தக் காரணத்துக்காகவும் கல்லில் ஏறாது. பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுத்தவர் பேரும் ஏறாது. உண்மையைச் சொன்னால் ஒன்பது பேர் பேரும் போகும், இவள் பேரும் வராது. சொல்லாவிட்டால் ஆடாத ஒன்பது தடியன்கள் காலத்துக்கும் கல்லில் நிற்பார்கள், ஆடினவள் காற்றோடு போவாள்.

அவளுக்கு அந்தக் கல்லில் தன் பேர் வேண்டும் என்று இருந்தது. சின்னப்பிள்ளைத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். குடியிருக்கும் வீடு மாமனார் பேரில், இந்த மையத்தின் லைசென்ஸ் முத்துராஜ் பேரில், அவள் பேர் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் கல் இல்லை என்று ஆகிவிட்டது. சரி, வேறு ஒன்று இருக்கிறதே என்று சாயங்காலம் ரமேஷைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கல்லு வேண்டாம். கோட்டை வாசல்ல பலகை இருக்கில்ல? அதுல தலைவர் மட்டுந்தான் எழுத முடியும். 'இந்தக் கோட்டையைக் காப்பாத்துனது சசிரேகா'ன்னு ஒரு வரி நீங்களே எழுதிடுங்க, உங்க பாஸ்வேர்டுல நானே எழுதிக்கிட்டா அதுக்கு மதிப்பில்ல. அது எந்த ரூல்சுலயும் வராது. பேட்டியில எதையும் சொல்ல வேண்டாம். அது போதும் எனக்கு."

"இவ்வளவுதானா? இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த? என் பாஸ்வேர்டை மட்டும் இப்பவே அனுப்பு, இன்னைக்கே எழுதிடறேன்."

அனுப்பினாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. முத்துராஜிடம் சொன்னபோது அவன் கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"எழுதுவான்னு நெனைக்கிறியா?"

"ஒரு வரிதானே. அதுகூடவா எழுத மாட்டாரு?"

"அந்தாளு கறிவேப்பிலையாத்தான் வெச்சிருக்கான் உன்னைய. போயிட்டு வா. வந்து சொல்லு" என்றான் முத்துராஜ்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பத்து மணிக்கே குன்னூர் போய்ச் சேர்ந்தாள். கடை மாடியில் சுவர் முழுக்க ஒரு பிளெக்ஸ். ஒன்பது முகங்கள், கூலிங் கிளாஸோடு. கீழே 'கெல்மோரா கண்ட மாவீரர்கள்' என்று எழுதியிருந்தது. மாவீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். லோகு திருப்பூரிலிருந்து வந்திருந்தான். தொப்பை போட்டு ஆளே மாறிப் போயிருந்தான். அவன் ஒருவன்தான் எழுந்து நின்று, "நல்லா இருக்கியா சசி? அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான்.

லேப்டாப்புகளை வரிசையாக வைத்து ஒவ்வொருவரையும் அவளே உள்ளே ஏற்றினாள். பாவிகளுக்கு நடக்கக்கூடத் தெரியவில்லை. ஜெகதீசனின் டிராகன் சுவரில் முட்டி முட்டி நின்றது. "எந்தப் பட்டன்டி இது?" என்று அவன் எரிச்சலோடு கேட்டான். அவள் தன் விரலால் அவன் விரலைத் தள்ளிவிட்டு, டிராகனைப் பின்வாசல் வழியாகக் கோட்டைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். தன் லேப்டாப்பைத் திறந்து வாசல் பலகையைப் பார்க்க அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. பெங்களூரிலிருந்து கம்பெனி ஆள் வந்தாயிற்று, டீ எங்கே என்றான் ரமேஷ்.

வந்த பெண்ணின் பேர் அனுராதா. முப்பது வயது இருக்கும். கேமராவைப் பொருத்திவிட்டு, பெரிய திரையில் ஆட்டத்தைப் போட்டாள். "இது நேரலை இல்ல சார், ரெக்கார்டிங்தான், பதட்டப்படாம பேசுங்க" என்றாள். "முதல்ல உங்க கோட்டையக் காட்டுங்க."

ஆட்டத்தில் ரமேஷ் போட்டிருந்த வேஷம் கங்காணி; அந்தக் கங்காணி தள்ளாடித் தள்ளாடிக் கோட்டை வாசலுக்குப் போனான். சசிரேகா டீத் தட்டைக் கையில் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் தெரிந்தது. பலகை தெரிந்தது. பலகையில் எழுத்தும் இருந்தது. ரமேஷின் கடைப் பேர், போன் நம்பர், 'பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கிச் செல்லுங்கள்'.

அவள் இரண்டாவது தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் படித்தாள். அதேதான் இருந்தது. ஒரு வரி, ஒரே ஒரு வரி கேட்டாள். அதற்கென்று வாங்கிய பாஸ்வேர்டில் விளம்பரம் எழுதியிருக்கிறான்! லோகு எழுந்து வந்து தட்டை வாங்கி ஓரமாக வைத்தான்.

"இருபது வருஷமா ஒரு ஆட்டம் உயிரோட இருக்கறதே அபூர்வம்" என்று அனுராதா ஆரம்பித்தாள். "அதுல ஒரே ஊர்க்காரங்க ஒன்பது பேர் ஒரு மாசம்கூட விடாம ஆடியிருக்கீங்க. எப்படி சார் முடிஞ்சது?"

ரமேஷ் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "ரெண்டே விசயந்தாங்க. ஒண்ணு நட்பு. இன்னொண்ணு கட்டுப்பாடு. எங்கப்பா கங்காணிங்க. பெரட்டுன்னா பெரட்டுதான். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எங்க லயத்துல சிக்னலே கிடையாது. லேப்டாப்பைத் தூக்கிட்டு தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறணும். ஒரு நாளு பேய் மழை. குடையை லேப்டாப்புக்குப் புடிச்சுட்டு நான் நனைஞ்சேன். ஊட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுனா ஒரே ரத்தமுங்க. அட்டை! இங்கதான் கடிச்சுது" என்று குனிந்து முழங்காலுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினான்.

அட்டை கடித்த அன்று, ஆதங்கம் தாங்காமல் அவள் ரமேஷுக்குப் போன் பண்ணித்தான் அதைச் சொல்லியிருந்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான், அன்றைக்கு. இப்போது அவள் ரத்தத்தையும் தன் காலில் தடவிக்கொண்டு நிற்கிறான்!

அனுராதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சூப்பர் சார்" என்றவள், ஓரத்தில் நின்ற சசிரேகாவைப் பார்த்துவிட்டு, "இவங்க? இவங்களும் ப்ளேயரா?" என்று கேட்டாள்.

"அது அந்தக் காலத்துல நம்ம சென்டர்ல வேலை செஞ்ச பொண்ணுங்க. இன்னைக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கு."

அவ்வளவுதான். சசிரேகா கேமராவுக்கும் ரமேஷுக்கும் நடுவே வந்து நின்றாள். என்ன பேசுவது என்று அவள் யோசிக்கவே இல்லை.

"ரமேஷண்ணே, கோட்டைக் கெணறு எங்க இருக்குன்னு இந்தம்மாவுக்குக் காட்டுங்க."

"எதுக்கு இப்போ? உக்காரு புள்ள."

"நீங்கதானே பதினெட்டு வருசமா ஒரு மாசம் விடாம ஆடுறீங்க. கெணத்துக்கு வழி காட்டுங்க, பாக்கலாம்."

ரமேஷ் சிரித்து மழுப்பிக்கொண்டே கங்காணியைக் கிழக்குக் கோபுரத்துக்கு ஓட்டினான். அங்கே கிணறு இல்லை. மேற்கே ஓட்டினான். அங்கேயும் இல்லை. ஜெகதீசனைப் பார்த்தான், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"2015-ல வெள்ளம் வந்து கெணறு தூந்து போச்சு. கோட்டைக்குப் பின்னால பாறைக்குக் கீழ புதுசா வெட்டுனது. ஒரு மாசம் வெட்டுனேன். சிங்கமா வந்து மண்ணு அள்ளுனேன், டிராகனா வந்து கல்லு சொமந்தேன், இந்தக் கங்காணியா வந்து கயிறு இழுத்தேன். தண்ணித் தொட்டி மேட்டுல அட்டை கடிச்சது என் காலு." அவள் அனுராதாவின் பக்கம் திரும்பினாள். "பதிமூணு வருசம் இவங்க ஒருத்தர்கூட உள்ள வரல மேடம். ஒம்பது பேரோட பாஸ்வேர்டும் எங்கிட்டதான் இருக்கு. ஒம்பது பேருக்கும் பேர் போட்டது நானு. இந்தப் பழைய ஆட்டம் எப்படிச் சாகாம இருக்குன்னு ஆச்சரியப்பட்டீங்களே, இப்படித்தான் இருக்குது. எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறகு எவளாவது ஒரு இளிச்சவாச்சி வெளக்கை அணைக்காம உக்காந்திருப்பா."

"இவ பொய் சொல்றா!" என்று ரமேஷ் கத்தினான். "பொறாமைங்க! அவ பேரு வரலைன்னு பொறாமை!"

"அக்கா," என்றாள் அனுராதா மெதுவாக. "நீங்க பேசறது பதிவாகுது. இது நிஜம்னா ஒன்பது பேரையும் எடுத்துடுவாங்க. உங்க பேரும் ஏறாது. இடைவெளி இடைவெளிதான். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் மேடம். எல்லாத்தையும் படிச்சுட்டேன்."

"வேற யாராவது இதை உறுதி பண்ண முடியுமா?"

ஜெகதீசன் பக்கத்திலிருந்தவன் தொடையை அழுத்திப் பிடித்திருந்தான். கடைசியில் லோகுதான் எழுந்தான்.

"நெசந்தாங்க. நான் கடைசியா ஆடுனது 2012. பாஸ்வேர்டு என்னன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. காலையில இந்தப் புள்ளதான் ஏத்தி விட்டுச்சு. போன்ல என்னைக் கூப்புட்டப்பவே சொல்லியிருக்கணும். கல்லுல பேரு வருதுன்னதும் ஆசை வந்துருச்சுங்க."

அனுராதா கேமராவை அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். கால் மணி நேரம் பேசினாள். அந்தக் கால் மணி நேரமும் ரமேஷ் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சசிரேகா சுவரோரம் நின்று தன் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள். இன்னும் நாலு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்று ஆத்திரமாக இருந்தது அவளுக்கு.

அனுராதா திரும்பி வந்தாள். "சாரி சார். கல்லுல முன்னூத்தி மூணு பேர்தான் வரும். உங்க ஒன்பது கணக்கையும் இன்னைக்கே மூடறாங்க. ஒன்பது பேர் குறைஞ்சா கோட்டையும் நிக்காது" என்றாள். பிறகு சசிரேகாவிடம் வந்தாள். அவள் கையைத் தொட்டுவிட்டு, கேமராவை மடக்கப் போய்விட்டாள்.

அனுராதாவின் கார் கிளம்பும் வரை ரமேஷ் பொறுத்தான். பிறகு பிளெக்ஸை ஒரே இழுப்பில் கிழித்து எறிந்தான்.

"பதினெட்டு வருசமா கட்டுனதை ஒரு நிமிசத்துல எரிச்சுட்டியேடி பாவி!"

"யாரு கட்டுனதுண்ணே?" என்றாள் சசிரேகா. "அதை முதல்ல சொல்லுங்க. இன்னொரு வாட்டி 'டி' போட்டுப் பேசுனா மரியாதை கெட்டுடும், அதையும் சொல்லிட்டேன்."

"சொல்லிக் குடுத்து உனக்கு என்ன கெடைச்சுது? உன் பேரு கல்லுல வந்துதா? கோட்டையும் போச்சு. என்ன கெடைச்சுது உனக்கு, சொல்லு!"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கோட்டை போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. நாலு கோபுரமும், தான் வெட்டிய கிணறும் இனி இல்லை. ஆனாலும் அழ மாட்டேன், இவன்கள் முன்னால் அழவே மாட்டேன் என்று நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் கெடைக்கல" என்றாள். "உங்களுக்கும் ஒண்ணும் கெடைக்கல. பதினெட்டு வருசத்துல இன்னைக்குத்தான்ணே நாம பத்துப் பேரும் சரிசமமா நிக்கிறோம்."